பழுதில்லாத துண்டு

என் மச்சான் வீட்டுக் கறிச்சட்டியில் மீனின் நடுத்துண்டை யாரும் கண்டதில்லை. கடற்கரையில் பாரையோ அறுக்குளாவோ வாங்கி வந்தாரென்றால் கத்தியை எடுத்துக்கொண்டு அவரே குந்திவிடுவார். நடுத்துண்டுகள் ஒரு கோப்பையில் பக்கத்து வீட்டுக்குப் போகும். அடுத்த நல்ல துண்டுகள் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்கு. மிஞ்சிய தலையும் வாலும் அவர் மனைவி, என் ராத்தாவிடம் வரும்.

"வாலிலதான் ருசி இரிக்கி," என்பார்.

"அப்ப ஒரு நாளைக்கி மோதினாருக்கு வாலக் குடுத்துப் பாருங்களன்," என்பாள் ராத்தா.

அவர் சிரிப்பார். கொடுக்கமாட்டார்.

ராத்தா என்னுடைய மூத்த சகோதரி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். கல்முனைக்குடியில் நான் பிறந்த வீட்டுக்கு அவர் வந்தார். நான் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனேன். இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், கடற்கரையோரம் ஃபைபர் தோணி செய்கிற ஒரு ஷெட்டில். அதனால் பகலில் வேலையிலும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான். வெளியே போகிற சாமான் முதல்தரமாக இருக்கவேண்டும். வீட்டில் தங்குவதற்கு அவரிடம் ஒரே சொல்தான் இருந்தது: "நமக்கு இது காணும்." எங்கள் ஊரில் காணும் என்றால் போதும்.

பெருநாளைக்கு ராத்தா வட்டிலப்பம் அவிப்பாள். முழுசாகக் கழன்று வந்தவை தட்டில் ஏறித் தெருவுக்குப் போகும். உடைந்ததும் ஒட்டிக்கொண்டதும் எங்களுக்கு. புதுச்சாரனை யாரோ சொந்தக்காரனுக்குக் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டு, அதே கலியாணத்துக்கு இவர் சாயம் போன சாரனோடு வந்து நின்றார். கஞ்சன் என்றால் வாய்விட்டுத் திட்டலாம். கொடுக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது? ஊரெல்லாம் அவரைத் தங்கமான மனிசர் என்றது. நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எரிச்சல்பட்டேன்.

விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் பின்வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார். தோட்டத்துக்கு அல்ல. பஸ் நிற்கிற இடத்தில் போறவன் வாறவன் குடிக்க இரண்டு பானை வைத்திருந்தார், அதற்கு. பிறகு பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கிற தொட்டிக்கு. அதற்குள் ஷெட்டுக்கு நேரமாகிவிடும். வெங்காயப் பாத்திக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ராத்தாதான் அள்ளி ஊற்றுவாள். எங்கள் கரையோர மண் வெறும் மணல். காலையில் ஊற்றியதை வெயில் ஏறுமுன் குடித்துவிடும்.

அந்த ராத்தாவுக்குத்தான் நெஞ்சில் கோளாறு என்று ஆஸ்பத்திரி டாக்குத்தர் சொன்னார். நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாக மூடுவதில்லையாம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலையாம். பாரம் தூக்கக்கூடாது, முக்கியமாகத் தண்ணீர் அள்ளவே கூடாது என்று அவர் மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் அஸருக்குப் புறகு வந்து அள்ளுறன், நீ தொடாத," என்றார் மச்சான்.

உண்மையாகத்தான் சொன்னார். வந்தும் அள்ளினார். ஆனால் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னமே கத்தரிக் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதைப் பார்த்துக்கொண்டு ராத்தாவால் இருக்க முடியாது. பிள்ளை இல்லாத வீடு. பாத்திதான் அவளுக்குப் பிள்ளை. அவர் வரும்போது பாதிக்குமேல் ஊற்றி முடித்து, குசினி வாசற்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உதடு நாவற்பழம் தின்றவளுடையதுபோல இருக்கும்.

காற்றாடி வந்தது அப்போதுதான். எண்பதுகளின் தொடக்கம். கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். காற்றில் சுற்றிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுக்கிற காற்றாடி போடப் போகிறோம், அதில் சுற்றுகிற செட்டையைத் தகரத்தில் செய்தால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது, தோணி செய்கிற மாதிரி ஃபைபரில் செய்து தருவீர்களா என்று கேட்டார். மூன்று காற்றாடி. ஒன்று விவசாயப் பண்ணைக்கு, ஒன்று ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு. மூன்றாவதை ஷெட்டுக்குக் கிட்ட எங்காவது போட்டு அதன் போக்கைப் பார்க்கவேண்டும் என்றார்.

மச்சான் வாயைத் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். "எங்கட வளவுல போடுங்க சேர். ஊட்டுல தண்ணி அள்ள ஏலாத ஆள் இரிக்கி," என்றார்.

எஞ்சினியர் சம்மதித்தார். அன்று பின்னேரம் ராத்தாவிடம் அதைச் சொல்லும்போது மச்சான் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ராத்தா நம்பவில்லை. "காத்து வந்து தண்ணி அள்ளித் தருமா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

செட்டையைச் செய்வது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. அச்சில் கண்ணாடி நார்ப்பாயை விரித்து, ரெசினில் ஹார்டனரைக் கலந்து தடவி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றி, அதன்மேல் அடுத்த பாய். தோணிக்கும் அதே வேலைதான். பிரச்சினை செட்டையின் அடியில் இருந்தது. நடுவிலிருக்கிற இரும்புத்தட்டோடு செட்டையைப் பிடித்திருப்பது நாலு போல்ட். காற்று இழுக்கிற இழுவை முழுக்க அந்த நாலு துளையில்தான் விழும். அந்த இடம் தாங்குமா என்று முதலில் தெரியவேண்டும் என்றார் எஞ்சினியர். அதே பாய், அதே ரெசின், செட்டையின் அடி எவ்வளவு தடிப்போ அவ்வளவு மொத்தத்தில், சாண் நீளத்தில் துண்டுகள் செய்து, துளை போட்டுத் தாருங்கள். கொழும்பில் ஒரு மெசினில் போல்ட் மாட்டிக் கிழியும்வரை இழுத்துப் பார்ப்போம். எவ்வளவு இழுவைக்குக் கிழிகிறதோ அதை வைத்துத்தான் செட்டையின் அடியைப் படத்தில் கீறுவேன் என்றார். ஷெட்டில் அந்தத் துண்டுகளைச் சாம்பிள் என்றோம். செய்கிற பொறுப்பு மச்சானுக்கு வந்தது.

"செட்டைக்குச் செய்யிற மாதிரியே செய்யுங்கோ, நானா. வித்தியாசம் ஒண்டும் வேண்டாம்," என்று எஞ்சினியர் போகும்போதும் மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மச்சான் ஒளு எடுத்துக்கொண்டு வந்து சாம்பிள் செய்தார். நார்ப்பாய் உருளையில் ஓரத்தைத் தொடவில்லை. நடுவில் வெட்டி எடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைத்து, பெருநாள் உடுப்பு இருக்கிற அலுமாரியில் வைத்தார். ரெசினை வெள்ளைத்துணியில் வடித்தார். மழை மூட்டம் இருந்தால் வேலையைத் தொடமாட்டார். காய்ந்ததும் ஒவ்வொரு துண்டையும் சூரியனுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஃபைபர் வெளிச்சத்தை உள்ளே விடும். காற்றுக்குமிழ் இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி தெரிந்தாலும் அது கழிவு. கழித்தவற்றை எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

நான் ரெசின் கலக்கிக்கொண்டிருந்தேன். "செட்டைக்குச் செய்யிற மாதிரியே செய்யச் சென்னாரே, மச்சான்?" என்று கேட்டேன்.

"குர்பானுக்குக் குடுக்கிற மாட்டுல கொம்பு உடைஞ்சிரிந்தா எடுப்பாங்களா, தம்பி? கண்ணுல பூ விழுந்திரிந்தா? நொண்டினா?"

"எடுக்கமாட்டாங்க."

"இதுவும் அறுபடப் போற சாமான்தான். பழுது இரிக்கப்படா."

எனக்கு அது சரியாகவே பட்டது. ஷெட்டில் மற்றவர்களுக்கும்தான். அறுக்கக் கொடுப்பதைப் பழுதில்லாமல் கொடுக்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

கொழும்பிலிருந்து எஞ்சினியர் சிரித்துக்கொண்டு வந்தார். மெசினில் இழுத்தபோது போல்ட்தான் முதலில் வளைந்ததாம், துண்டு லேசில் கிழியவில்லையாம். அப்படியென்றால் செட்டையின் அடி இவ்வளவு மொத்தம் தேவையில்லை, பாயைப் பாதியாகக் குறைக்கலாம், பாரம் குறைந்தால் சின்னக் காற்றுக்கும் சுற்றும் என்று புதுப்படம் கீறிக் கொண்டு வந்திருந்தார். மச்சானுக்கு ஷெட்டில் நல்ல பேர். "கொழும்பு மெசினுக்கே ஏலாமப் போச்சி," என்று ராத்தாவிடம் சொன்னார். அவள் கழித்த துண்டொன்றைச் சோற்றுப்பானை மூடிமேல் பாரத்துக்கு வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

செட்டைகளைச் செய்தது மாரியில். நாள் குறித்துவிட்டார்கள், வெயிலுக்குக் காத்திருக்க முடியாது. ஷெட்டின் கூரை ஒழுகியது. நார்ப்பாய் குளித்துத் துடைத்த துவாய் மாதிரி ஈரமாக இருந்தது. அதைத்தான் விரித்தோம், அதன்மேல்தான் தடவினோம். எல்லாத் தோணியும் நாங்கள் அப்படித்தான் செய்வது. தோணி மிதக்கத்தானே செய்கிறது.

செய்து முடிந்ததும் செட்டைகளை மச்சானின் வளவில் அடுக்கிப் பெயின்ற் அடித்தோம். அதற்கு முன் அவர் ஒவ்வொன்றின் அடியையும் விரல்முட்டியால் தட்டிக் கேட்டார். கணீரென்று கேட்டவை பண்ணைக்கு. அடுத்தவை பள்ளிக்கூடத்துக்கு. பொத்தென்று கேட்ட மூன்றும் தனியாக ஒரு பக்கம்.

ராத்தா குசினிக்குள்ளிருந்து வந்து பார்த்தாள். "எது நம்மட?"

அவர் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"அதுல வெள்ளை வெள்ளையாக் கிடக்கே."

"பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குப் பழுதானத அனுப்புறதா, கா? பண்ணைக்கும் ஊரார் வந்து பாப்பாங்க. நமக்கு இது காணும்."

ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "எனக்கும் ஒருக்கா இந்த ஊட்டுக்கு விருந்தாளியா வந்து பாக்கணும் போல இரிக்கி," என்றாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

காற்றாடி சுற்றியது. அதை நான் மறைக்கக்கூடாது. கடற்காற்று அடிக்கும்போதெல்லாம் குழாயால் தண்ணீர் வந்து சீமெந்துத் தொட்டியில் விழுந்தது. அங்கிருந்து வாய்க்காலால் பாத்திக்கு ஓடியது. முதல் சில நாட்கள் ராத்தா பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், செய்ய ஒன்றுமில்லாமல் நின்றாள். பிறகு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரப் பழகினாள். தொட்டிக்குள் கையைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். அந்த மாதங்களில் அவளுடைய உதட்டில் நிறம் திரும்பியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. நான் போனால், "உங்கட மச்சான் எனக்கு வேலையில்லாமப் பண்ணிப்போட்டார்," என்பாள். அந்தக் குறையை அவள் சொல்கிற விதம் எனக்குப் பிடிக்கும்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிய முதல் கிழமையிலேயே செட்டை பிய்ந்தது. மத்தியானம் லுஹருக்கு நாங்கள் ஷெட்டில் கைகழுவிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு செட்டை முருங்கைமரத்தை முறித்துக்கொண்டு போய் வெங்காயப் பாத்தியில் குத்தி நின்றது. மற்ற இரண்டும் தாறுமாறாக ஆடிக் கம்பத்தையே வளைத்துவிட்டன. ராத்தா குசினி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே நடுத்தட்டில் நாலு போல்டும் அப்படியே இருந்தன, நாலிலும் கொஞ்சம் நார் தொங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சினியர் வந்து பாத்தியில் கிடந்த செட்டையைப் புரட்டினார். பிய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். ரெசின் பிடிக்காத நார் பஞ்சுபோல வந்தது. சாம்பிள்களை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். மச்சான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வெயிலில் காயவைத்தது, அலுமாரியில் வைத்தது, துணியில் வடித்தது, சூரியனில் பிடித்துக் கழித்தது எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். எஞ்சினியர் கதிரையில் உட்கார்ந்தார்.

ராத்தா நல்ல கோப்பைகளில் தேத்தண்ணி கொடுத்தனுப்பினாள். சூட்டுக் கேத்தலுக்குக் கீழே ஒரு ஃபைபர் துண்டு வைத்திருந்தாள். எஞ்சினியர் கேத்தலைத் தூக்கிவிட்டு அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன?"

மச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது கழிச்சது, சேர். பழுது."

"இன்னும் கிடக்கோ?"

ராத்தா தேடி எடுத்தாள். சோற்றுப்பானை மூடியில் ஒன்று, கதவு அடிக்காமல் இருக்கக் கீழே செருகிய ஒன்று, கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டது, அலுமாரியின் காலுக்கு முட்டுக்கொடுத்தது. எல்லாவற்றையும் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். எஞ்சினியர் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நானா, எனக்கு வந்திருக்க வேண்டியது இதுகள்தான். நான் கேட்டது உங்கட சாதாரண நாள் வேலையை. நீங்கள் பெருநாள் வேலையை அனுப்பிப்போட்டியள். காத்து பெருநாளிலை மட்டுமே அடிக்குது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மச்சான் அவரையே பார்த்தார். "கழிச்சத எப்பிடி சேர் ஒரு மனிசருக்கு அனுப்புற?" என்று கேட்டார். விளங்காமல் கேட்டார். கடைசிவரை அது அவருக்கு விளங்கவில்லை.

எஞ்சினியர் அந்தத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இவற்றை இழுத்துப் பார்த்துவிட்டு மொத்தமான அடியோடு புதுச்செட்டை செய்வோம், வீட்டம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். வரத்தான் நினைத்திருப்பார். அதற்குள் கலவரம், சண்டை என்று நாடு கெட்டுப்போயிற்று. ரோட்டில் பயணம் செய்கிற காலம் முடிந்தது. அவர் எங்கே போனார், உயிரோடிருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மற்ற இரண்டு காற்றாடிகளையும் பயத்தில் கயிற்றால் கட்டிவைத்தார்கள். ஷெட்டும் மூடப்பட்டது. வளைந்த கம்பத்தில் நேரான குழாய்களைக் கழற்றி, ஒலிபெருக்கி கட்டப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார் மச்சான்.

ராத்தா கவிழ்த்து வைத்த வாளியை நிமிர்த்தினாள்.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ரோட்டுப் பானைக்கு அள்ளுற தண்ணிய இஞ்ச ஊத்துங்க, மச்சான். ராத்தாட நெஞ்சு உங்களுக்குத் தெரியாதா?"

"வாறவன் போறவன் தாகத்தோட போனா அல்லாஹ்க்கு என்ன பதில் செல்லுற, தம்பி?"

அவர் என் ராத்தாவில் அன்பில்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தை விட்டு அசையமாட்டார். ஆனால் அவளை அவர் வேறொரு ஆளாக நினைத்ததே இல்லை. தனக்கு எது காணுமோ அது அவளுக்கும் காணும். வால்மீன், உடைந்த வட்டிலப்பம், பொத்தென்று கேட்ட செட்டை. அந்த அன்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ராத்தா மௌத்தானது வெங்காயப் பாத்தியில், காலை நேரத்தில். இரண்டு பக்கமும் இரண்டு வாளி. ஒன்று கவிழ்ந்து மணல் நனைந்திருந்தது. மற்றது நிறைந்தபடி நின்றது.

ராத்தாவைப் பொதிகிற கபன் துணி வாங்க அவரோடு நான்தான் போனேன். கடைக்காரர் வெட்டிக் கொடுத்த வெள்ளைத்துணியை மச்சான் வாசலுக்குக் கொண்டுவந்து விரித்து, சூரியனுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எங்கேயோ ஒரு நூல் தடித்திருந்தது. வேறு தரச் சொன்னார்.

"மண்ணுக்குள்ள போறதுதானே, காக்கா," என்றார் கடைக்காரர்.

"ஓம், போறதுதானே," என்றார் மச்சான். மூன்றாவது துணிதான் அவருக்குச் சரியாக இருந்தது.

ராத்தாவைக் குளிப்பாட்ட வளவில் சேலையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். பெண்கள் உள்ளே இருந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். நான் வாளியை எடுத்தேன்; அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முதல் வாளியில் ஒரு முருங்கை இலை மிதந்தது. அதைப் பாத்தியில் ஊற்றிவிட்டுத் திரும்ப அள்ளினார். குடத்தின் வாயில் வெள்ளைத்துணி கட்டி வடித்து ஊற்றினார். தூக்கிக்கொண்டு போய் மறைப்புக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவந்து அடுத்ததை அள்ளினார். ஊரே நின்று பார்த்தது. அவருடைய சாரன் முழங்கால்வரை நனைந்திருந்தது. யாரையும் கயிற்றைத் தொட விடவில்லை. அந்தக் கிணற்றில் ராத்தா ஒருத்திக்காக மட்டும் அவர் இப்படித் தண்ணீர் அள்ளியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளேயிருந்து தண்ணி போதும் என்று சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இன்னும் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். இன்னும் ஒன்று. பிறகு வெறும் வாளியோடு கிணற்றடியில் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வாளி கொண்டரவா, தம்பி? நல்ல தெளிஞ்ச தண்ணி."

"காணும், மச்சான்," என்றேன்.